முதுமைக்கும் ஒரு பங்கு

 



“நாளைய ரிஜ்கை நாளை அல்லாஹ் தருவான், முதுமைக்கென்று சேர்த்து வைப்பது தவக்குலுக்கு மாற்றமல்லவா?” என்று சிலர் கேட்கின்றனர். தவக்குலில் நபி (ஸல்) அவர்களை மிஞ்சியவர் எவருமிலர். அவர்களே பனூ நளீர் பேரீச்சந் தோட்டங்களின் விளைச்சலிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை எடுத்து வைப்பவர்களாக இருந்தார்கள் என்று உமர் (ரலி) அறிவிப்பது புகாரீயில் பதிவாகியுள்ளது. யூசுஃப் (அலை) அவர்களும் ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலை, உண்பதற்கான சிறிதளவு போக, கதிரோடு விட்டுவைக்குமாறு கூறினார்கள். சேமித்தால் மட்டும் போதாது, சேமித்தது கெடாமலும் இருக்க வேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது.

நம் மஹல்லாக்களில் வீட்டுக்கொருவர் வளைகுடாவுக்கு சஃபர் சென்றவர். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி, முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்கும். அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டுமே. 2,000 திர்ஹம் அடிப்படைச் சம்பளத்தில் 20 ஆண்டுகள் உழைத்தவருக்கு 37,000 திர்ஹம் வரும். நம் பணத்தில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ரூபாய். இன்னும் 20 ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தால், மாதத்திற்கு 3,750 ரூபாய்! மாத்திரை வாங்கவே அது காணாது. இங்கே மளிகைக்கடை நடத்துபவருக்கோ அதுவும் கிடையாது.

சம்பாதித்ததெல்லாம் எங்கே போயிற்று? மாடி மீது மாடி கட்டிய வீட்டிலும், ஊர் மெச்ச நடத்திய நிக்காஹ் விருந்திலும் போயிற்று. அந்தப் பெரிய வீட்டில் இன்று வயதான இருவர் மட்டும், மின்கட்டணத்திற்குப் பிள்ளையின் தொலைபேசியை எதிர்பார்த்து அமர்ந்திருக்கின்றனர். அதே பணத்தில் ஒரு பகுதி கடைத்தெருவில் சிறு கடையாக இருந்திருந்தால் மாதந்தோறும் வாடகை வந்திருக்கும். வாடகைக்கு விட்ட கட்டடத்தின் மதிப்பின் மீது ஜகாத் இல்லை. வாடகைப் பணம் சேர்ந்து, நிஸாபை அடைந்து, ஆண்டு நிறைந்தால்தான் அதன் மீது கடமையாகும். வட்டி வேண்டாமென்று பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பவர், ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் போக, விலைவாசிக்கும் ஒரு பங்கை இழக்கிறார். அநாதைகளின் செல்வத்தை ஜகாத் தின்றுவிடாதபடி வணிகத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரலி) சொன்னதாக முவத்தாவில் வருகிறது.

ஆனால் “ஹலால் முதலீடு” என்ற பலகையைக் கண்டதும் பணத்தை நீட்டிவிடக் கூடாது. பெங்களூருவில் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019இல் சரிந்தபோது, அந்தப் பெயரை நம்பிய பல்லாயிரம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. கூட்டு வணிகத்தில் நட்டத்திற்கும் இடமுண்டு. நட்டமே வராது என்று உறுதி கூறுபவர் எதில் வணிகம் செய்கிறார் என்று கேட்க வேண்டாமா?

எனக்கு இவற்றைவிட அதிகம் கவலை தருவது வேறொன்று. அறுபதைத் தொட்டதும், “எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே” என்று இருக்கும் ஒரே வீட்டையும் மகனுக்கு ஹிபாவாக எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். எழுதுமுன் சட்டத்தைக் கேளுங்கள். ஹனஃபீ மத்ஹபில், மகன் அதைக் கைப்பற்றிக் கொண்டபின் தந்தை திரும்பப் பெற முடியாது. ஷாஃபிஈ மத்ஹபில், அது மகனின் உடைமையில் நீடிக்கும் வரை தந்தை திரும்பப் பெறலாம். அவன் விற்றுவிட்டால் வழியில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அது மீறப்பட்டால், பத்திரத்தை இரத்துச் செய்ய வழி தருகிறது. அதற்காகப் பெற்ற பிள்ளை மீது வழக்காட எந்தத் தாய் நடப்பாள்? உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். இது மகனைச் சந்தேகிப்பதாகாது. தம் தவ்பா ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் செல்வம் முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்த கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களிடமே, சிறிது உமக்கென வைத்துக்கொள்ளும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அல்லாஹ்வின் பாதையில் கொடுப்பதற்கே அந்த அளவு என்றால், மற்றவற்றுக்கு என்ன சொல்வது!

மனைவியரையும் நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் உள்ள கணவர் மறைந்தால் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. நாற்பது இலட்சம் ரூபாய் வீட்டில் அவருக்குரியது ஐந்து இலட்சம்தான். அல்லாஹ் வகுத்த பங்கில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஆனால் மஹர் என்பது பாகப்பிரிவினைக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கடன். திருமணப் பதிவேட்டில் எழுதி, முப்பது ஆண்டுகளாகக் கொடுக்கப்படாமல் கிடக்கும் மஹர் நம்மில் எத்தனை பேரிடம் உள்ளது? அதை இன்றே தங்கமாகக் கொடுத்துவிடலாம். உடல்நலத்தோடு இருக்கும்போதே கடையில் ஒரு பங்கை மனைவி பெயருக்கு மாற்றி, அவர் கையிலேயே ஒப்படைக்கவும் மார்க்கத்தில் இடமுண்டு. வாடகைச் சீட்டு அவர் பெயரில் எழுதப்படட்டும்.

வல்ல அல்லாஹ் நம் முதுமையைப் பிறர் கையை எதிர்பார்க்காத முதுமையாக ஆக்குவானாக! ஆமீன்.