வளையம் சொல்லும் செய்தி

(புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



புக்கிட் மெர்தாஜாமுக்கு வடமேற்கே, தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரை பரந்து கிடக்கும் சேற்றுக் கரையை உங்களிற் பலர் அறிவீர்கள். வடநாடுகளில் குளிர் தொடங்கும் முன்னரே உள்ளான், கோட்டான், மூக்கன் முதலிய பறவைகள் சைபீரியா போன்ற தொலைநாடுகளிலிருந்து அங்கு வந்து சேர்கின்றன. கடல் வற்றிய சேற்றில் புழுவும் நண்டும் உண்டு வாழ்ந்து, ஏப்ரல் திங்கள் வாக்கில் பெரும்பாலானவை திரும்பிச் செல்கின்றன.

இவற்றின் வழியை மனிதன் அறிந்தது எவ்வாறு? 1899ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன், மைனா இனப் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். இன்றும் அடிப்படை முறை அதுவே. மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, சிறகை அளந்து, எடை பார்த்து, வளையமிட்டு விடுவிக்கின்றனர்.

நம் முன்னோரின் தமிழகத்தில், கோடியக்கரையில் இப்பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவருவது மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம். அதன் வளையத்தில், கண்டவர் கழகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற குறிப்பும் பொறிக்கப்பட்டிருக்கும். வலசைப் பறவைகள் நோய்களைச் சுமந்து செல்கின்றனவா என்றறிய, 1963 முதல் 1971 வரை மெக்ளூர் என்பாரின் தலைமையில், மலேசியா உட்படப் பல ஆசிய நாடுகளில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிடப்பட்டது.

2022ஆம் ஆண்டில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாட்களில் இடையே இறங்காமல் கடந்ததைத் துணைக்கோளுடன் தொடர்புடைய கருவி காட்டிற்று. ஆயினும் அக்கருவி சில பறவைகளுக்கே கிட்டும். வளையமோ தானாகப் பேசாது. கண்டவர் தெரிவித்தால்தான் பேசும்.

அவ்வாறு காண்பவர் பெரும்பாலும் அறிஞர் அல்லர். மீனவரோ, உழவரோ, பால்மரம் வெட்டச் சென்றவரோ ஆவார். விளையாட்டுப் பொருளாக வீட்டில் கிடக்கும் வளையத்தால் யாருக்கும் பயனில்லை. ஒரே பறவை ஆண்டுதோறும் இக்கரைக்கே மீளுகிறது என்பது உறுதியானால், இக்கரையைக் காக்கவேண்டும் என்பதற்கு அதுவே சான்றாகும்.

ஆகவே, உயிருள்ள பறவையின் வளையத்தைக் கழற்றாதீர்கள். எண்ணையும் எழுத்துகளையும் நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலில் வண்ணப் பட்டை இருப்பின், அதன் நிறத்தையும் எந்தக் கால் என்பதையும் எழுதுங்கள். இறந்த பறவையை வெறுங்கையால் தொடவேண்டாம். குறிப்பை வனவிலங்கு இலாகாவுக்கு அனுப்புங்கள். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் இதற்கு உதவலாம்.

தொலைநாட்டில் ஒருவர் பொறித்த எண்ணுக்கு நீங்கள் எழுதும் நான்கு வரிகளே மறுமொழி.