விடிய விடியப் பாடும் குரல்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ டெங்கைப் பற்றியோதான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். எங்கள் வகுப்பின் சார்பில் இன்று கூத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

பேசாலை, வங்காலை, முருங்கன், அடம்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கோயில் முற்றத்து மேடை, மத்தளம், பிற்பாட்டு, வரவுப் பாட்டோடு வரும் ராசா. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு பாடல் வழிகள் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. நாடகம் என்றால் நீளம், வாசாப்பு என்றால் சுருக்கம். சுருக்கமே ஓர் இரவு போகும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னாருக்கு உரிய ‘மூவிராசாக்கள் நாடகம்’, ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ ஆகியவற்றைப் பதிப்பித்தார். ஏடாகக் கிடந்தவை புத்தகமாகி நூலகங்களுக்குப் போயின. ஆனால் புத்தகத்தில் பாட்டின் சொல் இருக்கும், மெட்டு இராது. மெட்டு அண்ணாவியாரின் தொண்டையில்தான் இருக்கிறது.

எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் சைக்கிளில் வருவார். நத்தாருக்கு மூவிராசாக்கள் கதையில் ஒரு பகுதி. போர்க்காலம், இருட்டிய பிறகு வெளியே போக முடியாது. விடிய விடிய ஆடுவதை அவர் நாற்பது நிமிடமாகக் குறுக்கிப் பகலில் மேடையேற்றத் தந்தார். எங்கள் ஊர்களில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய கலை அது. இங்கே ஏரோது ராசா முதல் காவற்காரன் வரை எல்லாரும் பெண்பிள்ளைகள். எவருடைய தாய்தகப்பன் என்ன சொல்வார்களோ என்று ரீச்சர்மார் பயந்தார்கள். அண்ணாவியார் பயப்படவில்லை. ஒவ்வொருத்தியையும் ஒரு விருத்தம் பாடச் சொல்லி, குரலைப் பார்த்தே வேடம் கொடுத்தார். அழகைப் பார்க்கவில்லை. அதில் எங்களில் சிலருக்கு மனத்தாங்கலும் இருந்தது.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று: “தொண்டையால கத்தாதை பிள்ளை, வயித்தால எடு.” எங்களுக்கு விளங்கவில்லை, சிரித்தோம். மருத்துவக் கல்லூரியில் உதரவிதானத்தைப் படித்த போதுதான் அந்த மனிதர் என்ன சொன்னார் என்று விளங்கியது.

ஏரோதாக நின்றவளுக்கு எங்கள் வகுப்பிலேயே பெரிய குரல். மேடையேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்க அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அன்று அண்ணாவியார் வரவில்லை; பாதை மூடிக் கிடந்தது. நாங்கள் என்ன செய்தோம்? மிளகும் கற்கண்டும் கொடுத்து, “இன்னும் உரத்து, இன்னும் உரத்து” என்று ஒவ்வொரு நாளும் பாடவைத்தோம். மேடையில் நன்றாகத்தான் பாடினாள். கைதட்டல் நிற்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்தக் குரல் திரும்பி வரவில்லை. இன்றும் அவள் தொலைபேசியில் பேசினால் தடிமன் பிடித்தவள் போலிருக்கும். அவள் எங்களை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவளிடம் கேட்டுத்தான் இதை இங்கே சொல்கிறோம்.

ஒரு பெண் சாதாரணமாகப் பேசும்போது அவளுடைய குரல்நாண்கள் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. உச்சத்தில் பாடினால் அது 400, 500 என்று ஏறும். வீங்கிய நாண்களை வைத்துக்கொண்டு கத்தினால் மோதும் இடத்தில் காய்ப்புப் போலச் சிறு கணுக்கள் வரும். கயிறு இழுப்பவரின் கையில் வருவதைப் போல. ஆரம்பத்திலேயே கண்டால் ஓய்வும் குரற்பயிற்சியுமே பெரும்பாலும் போதும். கத்தி வைக்கத் தேவையில்லை. குரலடைப்பு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டும். எங்களுக்கு இதைச் சொல்ல அன்று ஒருவரும் இருக்கவில்லை. மிளகுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம், வீட்டில் அம்மம்மாமார் கோபித்தாலும்.

லண்டனில் இருக்கும் எங்கள் வகுப்புக்காரி ஒருத்தி கோவென்ட் கார்டன் றோயல் ஒபேரா மாளிகையில் ஒபேரா பார்த்துவிட்டு வந்து, “இது எங்கட கூத்தடி, உடுப்புத்தான் விலை கூட” என்று எழுதினாள். பிழையில்லை. அதுவும் கதை முழுவதையும் பாட்டாகவே சொல்வது. ஒலிவாங்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடுவது. வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த மாளிகை 2001 முதல் இளங்கலைஞர்களுக்கு ஒரு திட்டம் நடத்துகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு இரண்டு வருடம் சம்பளம். பாட்டு, மொழி, நடிப்பு எல்லாவற்றுக்கும் பயிற்சி, பெரிய பாடகர்களோடு அதே மேடையில் சிறு வேடம். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் ஒபேராவில் இப்படியொரு திட்டம் 1980இலேயே தொடங்கிவிட்டது. நல்ல குரல் கடவுள் தந்தது என்று சும்மா விட்டுவிடாமல், அதற்குக் காசும் காலமும் ஒதுக்குகிறார்கள்.

எங்கள் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? தமிழ்மொழித்தினப் போட்டி இருக்கிறது. அது நல்லது, அது இல்லாவிட்டால் பல பாடசாலைகளில் மத்தளச் சத்தமே கேட்காது. ஆனால் போட்டி முடிந்ததும் உடுப்பு பெட்டிக்குள் போய்விடும். நாடகமும் அரங்கியலும் உயர்தரத்தில் ஒரு பாடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் தொடர்ந்து படிக்கலாம். படித்து ஆசிரியையாக வரலாம். இந்த வழி இருப்பதே பல வீடுகளில் தெரியாது. கணிதம் ஓடாத பிள்ளை எடுக்கும் பாடம் என்று நினைக்கிறார்கள்; அப்படி நினைத்தவர்களில் நாங்களும் இருந்தோம். உயிரியல் எடுத்தவர்களுக்கு அந்த வயதில் கொஞ்சம் தலைக்கனம்.

நூற்றாண்டு நிதியில் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைப்பதா, நீர்த்தாங்கி கட்டுவதா என்று பேச்சு நடக்கிறது. நீர்த்தாங்கி வேண்டும், அதில் விவாதமே இல்லை. மிச்சத்தில் ஒரு பங்கை இதற்குக் கேட்கிறோம். அண்ணாவியார் ஒருவருக்கு மாதச் சம்பளம். பொன்னாடையும் தேங்காயும் கொடுத்து அனுப்பும் வழக்கம் போதும். கூத்தை மேலே படிக்க விரும்பும் பிள்ளைக்கு விடுதிச் செலவும் பஸ் காசும். வயதுபோன அண்ணாவிமாரின் பாட்டுகளை அவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்ய ஒரு நல்ல கருவி. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் இந்த மலரை வாசிக்கும்போது, வீட்டில் இருக்கும் அப்பாவிடமோ மாமாவிடமோ ஏட்டுக்கொப்பி இருக்கிறதா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். இடம்பெயர்ந்தபோது உடுப்புக்கு முதல் கூத்துக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்களை எங்களுக்குத் தெரியும். படமெடுத்து அனுப்பினாலும் போதும்.

தவணைக்கு ஒரு தடவை பாடும் பிள்ளைகளின் தொண்டையைப் பார்க்க நாங்கள் வருவோம். அதற்குக் காசு வேண்டாம். எங்கள் ஏரோதும் வருகிறாள். பாட மாட்டாள். தாளம் பிடிப்பாளாம், யாராவது கத்தினால் நிறுத்துவாளாம். புதிய அண்ணாவியார் வருகிற சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மண்டபத் திறப்பை மட்டும் அதிபர் அவர்கள் தந்துதவ வேண்டும்.