இரண்டாவது சனிக்கிழமை

(நமது முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியமட்டும் அப்படியே விடப்பட்டுள்ளது. பேசியவர் 2006–2010 அணி, கணிப்பொறி அறிவியல் துறை.)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "நீ சாஃப்ட்வேர்ல இருக்கிறவன், ஏஐ பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசிடேம்ப்பா" என்றார். அதைப் பற்றிப் பேச இன்றைக்குத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். "அண்ணே, நான் ஒரு கூட்டத்தைப் பத்திப் பேசறேனே" என்றேன். "என்ன கூட்டம், கட்சிக் கூட்டமா?" என்று பயந்துவிட்டார். இல்லை ஐயா. புரோகிராம் எழுதுகிறவர்கள் மாதம் ஒரு தடவை ஓர் அறையில் கூடி உட்கார்ந்து, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற கூட்டம். அதற்கு டிக்கெட் கிடையாது, பொன்னாடை கிடையாது. டீக்குக்கூட நம்ம காசுதான்.

2007-இல் நான் இரண்டாம் ஆண்டு. நம்ம கம்ப்யூட்டர் லேப் அப்போது சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூட்டு விழும். சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஹாஸ்டலில் மூன்று பேர். அந்த மூன்று பேர் ரூமில்தான் எப்போதும் கும்பல். அவர்களில் ஒரு சீனியர் அண்ணன் ஒரு சனிக்கிழமை காலையில், "டேய், மெட்ராஸ் வர்றியா? லினக்ஸ் மீட்டிங்" என்றார். லினக்ஸ் என்பது பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், நான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உலகத்துக்குச் சொன்னார், அதிலிருந்து வளர்ந்தது. இரண்டு மதிப்பெண் கேள்வி. அதற்கு ஒரு மீட்டிங்கா என்று யோசித்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில், கிண்டியில் இறங்கி பஸ், ஐ.ஐ.டி. வாசலில் இருந்து உள்ளே போகிற இன்னொரு பஸ், கஜேந்திரா சர்க்கிளில் இறங்கினால் பக்கத்திலே விமானப் பொறியியல் துறை. அங்கே ஒரு வகுப்பறை. வழியெல்லாம் மான் மேய்கிறது. எனக்கு உள்ளே விடுவார்களா என்ற பயம். எங்க அப்பா ரேஷன் கடையில் எடை போடுகிறவர், நான் ஐ.ஐ.டி. வாசலைத் தாண்டுவேன் என்று வீட்டில் யாரும் நினைத்தது கிடையாது. ஆனால் யாருமே எதுவும் கேட்கவில்லை. அதுதான் நான் முதலில் கண்ட அதிசயம்.

சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 ஜனவரியில் தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூட்டம். அன்றைக்குப் பேசியதில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. ஆனால் பெரிய கம்பெனி ஆள் ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது, முன் பெஞ்சில் இருந்த பையன் எழுந்து "சார், அந்த கமாண்டு தப்பு" என்றான். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்பா, தப்புதான்" என்று திருத்திக்கொண்டார். நம்ம வகுப்பில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. (இங்கே உட்கார்ந்திருக்கிற ஐயா யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களைச் சொல்லவில்லை.)

வெளியே டீக்கடையில் ஒருத்தர் எனக்கு உபுண்டு சி.டி. ஒன்றைக் கொடுத்து, "முகவரி எழுதிப் போட்டா வெளிநாட்டிலிருந்து இலவசமா அனுப்பறாங்க, நீயும் கேளு" என்றார். உண்மைதான், 2005 முதல் 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவும் வாங்காமல் அனுப்பினார்கள். நான் கல்லூரி முகவரி கொடுத்துப் பத்து சி.டி. கேட்டேன். ஒன்றரை மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். சூப்பரின்டென்டென்ட் மேசையில் அந்தப் பார்சல். "வெளிநாட்டிலிருந்து உனக்கு யாருப்பா அனுப்பறது? இதுக்குப் பணம் கட்டணுமா? பின்னாடி கேஸ் எதுவும் வராதே?" இலவசம் என்றால் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. ஒரு சி.டி.யை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். டீ டம்ளருக்குக் கீழே வைத்திருந்தார், கடைசி வருஷம் வரைக்கும் பார்த்தேன்.

வேலை கிடைத்து, 2012-இல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து செங்கல்பட்டிலேயே ஒரு குழு ஆரம்பித்தோம். எல்லாருமா கிண்டி வரைக்கும் போவார்கள்? ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறை. வாடகை கிடையாது, கூட்டம் முடிந்ததும் பெஞ்சைத் திரும்ப வரிசையாகப் போட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதே ஆண்டு ஜனவரியில்தான் 'கணியம்' என்ற மின்னிதழ் வெளிவரத் தொடங்கியிருந்தது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள். அதைத் தொடர்ந்து து. நித்யா அவர்கள் எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' போன்ற புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்தன. தமிழ் வழியில் பன்னிரண்டு படித்துவிட்டு வந்த பிள்ளைகள், ஆங்கிலத்துக்குப் பயந்து வாய் திறக்காதவர்கள், அந்தப் பக்கங்களை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து, "அண்ணா, இதுல ஜாயின் மட்டும் புரியல" என்று கேட்டார்கள். கூட்டத்தை அன்றிலிருந்து தமிழிலேயே நடத்தினோம். டேட்டாபேஸை டேட்டாபேஸ் என்றே சொன்னோம். விளக்கம் தமிழில் இருந்தால் போதும்.

குழுவில் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருத்தர் பேச்சாளர் பிடிப்பார், ஒருத்தர் புரொஜெக்டர் கொண்டுவருவார். எனக்கு வந்தது அறிவிப்பு எழுதுகிற வேலை. இருப்பதிலேயே சுலபமான வேலை என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

இனி சொல்லப் போவதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

2014, ஒரு மாதம். டியூஷன் சென்டர்காரர் வெள்ளிக்கிழமை ராத்திரி போன் செய்து, "நாளைக்கு இங்க பசங்களுக்கு டெஸ்ட் வெச்சிருக்கேன் தம்பி" என்றார். தெரிந்தவர் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டத்தை மாற்றினோம். என் போனில் நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் வந்தார்கள், கூட்டம் அமோகமாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் ஒரு கடிதம். உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், பாலிடெக்னிக் மாணவி. யாரோ நோட்டீஸ் போர்டில் ஒட்டியதைப் பார்த்து முதல் தடவையாக வந்திருக்கிறார். "அண்ணா, நேத்து கூட்டம் இல்லையா? மாடியில டெஸ்ட் நடக்குதுன்னு சொன்னாங்க. கீழேயே மூணே முக்கால் வரைக்கும் நின்னேன். அப்பா போன் பண்ணிட்டே இருந்தார், கிளம்பிட்டேன்." இவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவாயில்லண்ணா" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஒரு பெண் பிள்ளை வீட்டில் அனுமதி கேட்டு, பஸ் மாறி, முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாதவர்களைத் தேடி வருவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அந்த அனுமதி இரண்டாவது தடவை கிடைக்காது. ஐ.ஐ.டி. வாசலில் என்னை யாரும் நிறுத்தவில்லை என்று இவ்வளவு நேரம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பிள்ளையை நான் நிறுத்திவிட்டேன். மாடிப்படியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்ட எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் அறிவிப்பு மாறியது. தேதி, கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், திரும்பிப் போக எத்தனை மணிக்குப் பஸ், பெண்கள் எத்தனை பேர் வழக்கமாக வருகிறார்கள், லேப்டாப் இல்லாமல் வரலாமா, வீட்டுப் பெரியவர் கூட வந்து உட்காரலாமா (தாராளமாக), அன்றைக்கு எதுவும் தெரியாவிட்டால் எந்த நம்பருக்குப் போன் செய்வது, இத்தனையும் எழுதினோம். இடம் மாறினால் பழைய இடத்தில் ஓர் ஆள் அரை மணி நேரம் நிற்பார். கூட்டம் முடிந்த மறுநாள் என்ன பேசினோம் என்று அரைப் பக்கம் எழுதிப் போட்டோம். வர முடியாதவர்கள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி அனுப்பினார்கள். சுலபமான வேலை என்று நினைத்தேனே, சனிக்கிழமைப் பேச்சைத் தயாரிப்பதைவிட இதற்குத்தான் நேரம் ஆனது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மாநிலம் முழுக்கக் குழுக்கள் இணையவழிக்குப் போயின. காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவினர் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜிட்சி வழியாகக் கூடினார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். பன்னிரண்டு பேர் நாற்பது ஆனார்கள். பூட்டும் இல்லை, பஸ்ஸும் இல்லை. நல்லதுதான். ஆனால் கூட்டம் முடிந்த நொடியில் திரை அணைந்துவிடும். பேச்சில் புரியாததை டீக்கடையில் கேட்கிற பையன், நாற்பது பேர் காதில் விழுகிற மாதிரி கேட்க மாட்டான். 2022-இல் மறுபடி நேரில் கூடியபோது வந்தது ஐந்து பேர். டியூஷன் சென்டர் மூடியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒரு மாதம் ஒருத்தர் வீட்டு மொட்டை மாடி, ஒரு மாதம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் என்று ஓடுகிறது.

தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, சர்ட்டிஃபிகேட் தருவீங்களா?" தர மாட்டோம். அக்டோபர் மாதம் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று ஒரு நிகழ்ச்சி 2014 முதல் நடக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். பொது மென்பொருள்களுக்குத் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். 2020-இல் அந்தச் சட்டைக்காக ஆயிரக்கணக்கில் உப்புச்சப்பில்லாத திருத்தங்கள் போய்க் குவிந்தன. 'சூப்பர்' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு காற்புள்ளி வைப்பது. மென்பொருளைப் பராமரிக்கிறவர்கள் கதறினார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் கணக்கு என்று சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. எங்கள் குழுப் பையன் ஒருத்தனும் நாலு காற்புள்ளி அனுப்பியிருந்தான். அவனைத் திட்டவில்லை. 2019 அக்டோபரில் பைகான் இந்தியா மாநாடு சென்னை வர்த்தக மையத்தில் நடந்தபோது தொண்டராக வந்து இரண்டு நாள் வாசலில் அட்டை கொடுத்தவனும் அதே பையன்தான். அந்த மாநாடு முழுக்கவே தொண்டர்கள் நடத்துவது. 2009-இல் பெங்களூரில் தொடங்கிய காலத்திலிருந்தே அப்படித்தான். வேலை செய்கிறவனும் சட்டைக்கு ஆசைப்படுகிறவனும் ஒரே ஆளாக இருப்பது நம்ம ஊர் வழக்கம்.

முதல்வர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். சங்கத்தின் சார்பில் ஏ.சி. வாங்கித் தருகிறோம், வளைவு கட்டித் தருகிறோம் என்று சற்றுமுன் அண்ணன்மார்கள் அறிவித்தார்கள். மகிழ்ச்சி. நான் கேட்பது கல்லூரியிடம். கம்ப்யூட்டர் பிளாக் தரைத்தளத்தில் ஓர் அறை, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மூன்று முதல் ஐந்து வரை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் எனக்கு வேண்டாம் ஐயா. பாலிடெக்னிக், கலைக் கல்லூரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், எல்லாரையும் அடையாள அட்டை கேட்காமல் வாட்ச்மேன் உள்ளே விட வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும், தவறில்லை. பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற என் அணித் தோழர்கள் இன்னும் மூன்று பேர் பெயரையும் அவர்களைக் கேட்காமலே தருகிறேன்.

அண்ணன்மார்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. வருஷத்தில் ஒரு சனிக்கிழமை. உங்கள் அலுவலகத்தில் போன மாதம் எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னால் போதும். பவர்பாயிண்ட் வேண்டாம்.

கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. கல்லூரி ஸ்டாப்பிலேயே இறங்கலாம். தலைப்பு, கிட் என்றால் என்ன, அதில் செய்த தப்பை எப்படித் திருத்துவது. அறை எண்ணை இன்றைக்குச் சொல்ல முடியவில்லை, அது முதல்வர் ஐயா கையில் இருக்கிறது. அறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்றைக்கு இரண்டரை மணியிலிருந்து நான் மெயின் கேட் வாசலில் நிற்பேன். சீட்டும் ஒட்டியிருப்பேன்.