அயல்நாட்டில் வைரம் விற்றல்

பழைய நகை ஒன்றை அயலூரில் விற்கப் போனவனின் கதை தமிழர்க்குப் புதியதன்று. புகார் நகரத்துக் கோவலன் தன் மனைவியின் காற்சிலம்பை மதுரையில் விற்கப் போனான். பொருளின் மதிப்பில் ஐயமில்லை. விற்க வந்தவனுக்கு உரிமையும் உண்டு. ஆயினும் அவனை அறிந்தவர் அந்நகரில் இல்லை. சிலம்பு தன்னுடையது என்று மெய்ப்பிக்க அவன் கையில் சான்று ஏதும் இல்லை. வழியில் எதிர்ப்பட்ட ஒரே ஒரு பொற்கொல்லனை நம்பினான். விளைவை நாம் அனைவரும் அறிவோம். இன்று அயல்நாடுகளில் வாழும் நம்மவர் நகை விற்கப் புகும்போது உயிருக்கு இடையூறு நேர்வதில்லை. எனினும் பழகாத ஊர், சான்றில்லாத பொருள், ஒருவரையே நம்பும் அவசரம் ஆகிய அந்த மூன்று குறைகளும் இன்றும் நட்டத்தையே தருகின்றன. இதனை நாம் ஏட்டில் படித்து மட்டும் கூறவில்லை; பட்டும் அறிந்தோம்.

2019-ஆம் ஆண்டில் நாங்கள் நியூயார்க் நகரை அடுத்த ஓர் ஊரில் குடியிருந்தோம். பணிபுரிந்த நிறுவனம் தன் பிரிவு ஒன்றை மூடியது, வேலை போயிற்று. எச்-1பி என்னும் விசாவில் அமெரிக்காவில் தங்கியிருப்பவருக்கு வேலை நீங்கிய நாள்முதல் 60 நாட்கள் வரையே தவணை உண்டு. அதற்குள் வேறு வழி காணவேண்டும், இன்றேல் புறப்படவேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தம் முடியவில்லை. பயணச் சீட்டுகளுக்கும் பணம் வேண்டும். கையில் இருந்தவை இரண்டு நகைகள். ஒன்று, அந்நாட்டிலேயே ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒற்றைக்கல் மோதிரம். மற்றொன்று, குடும்பத்துப் பாட்டியார் அணிந்திருந்த ஏழுகல் வைரத்தோடு. இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு, மன்ஹாட்டனில் ஐந்தாம் அவென்யூவுக்கும் ஆறாம் அவென்யூவுக்கும் இடையே அமைந்த 47-ஆம் தெருவுக்குச் சென்றோம். வைர வாணிகத்துக்கு உலகப் புகழ் பெற்ற தெரு அது.

மோதிரத்தின் கல் ஒரு காரட்டுக்குச் சற்றே மேற்பட்டது. முதற் கடைக்காரர், நாங்கள் கொடுத்த விலையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கேட்டார். இரண்டாமவர் அதனினும் சிறிது கூட்டினார். மூன்றாமவர், நாங்கள் எவ்வளவு விரைவில் ஊர் திரும்ப வேண்டும் என்று வினவினார், உண்மையைச் சொன்னோம், உடனே விலை இறங்கியது. அவசரத்தை வெளியிடுவது விலையை நாமே குறைத்துக்கொள்வதாகும் என்பதை அங்கே கற்றோம். நான்காவது கடையில் இருந்த முதியவர் மட்டும் கல்லை நிறுத்துப் பார்த்து, உருப்பெருக்கியால் நெடுநேரம் நோக்கி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான தொகையைச் சொன்னார். எங்கள் முகம் வாடியதைக் கண்டு காரணத்தையும் விளக்கினார்.

அவர் கூறியதன் சாரம் இது. இதே போன்ற கல் ஒன்று அவருக்கு வேண்டுமாயின், அடுத்த மாடியில் உள்ள மொத்த வாணிகரிடம் ஒரு மணி நேரத்தில் பெற்றுவிடலாம். அதற்கு அவர் உடனே பணம் தரவேண்டுவதில்லை. விற்றால் பணம் தருவார். விற்காவிட்டால் கல்லைத் திருப்பித் தருவார். நம்மிடம் வாங்கினாலோ ரொக்கத்தை முடக்கவேண்டும். வாங்குபவர் எப்பொழுது வருவார் என்று காத்திருக்கவேண்டும். ஆகையால் மொத்த விலையினும் நன்கு தாழ்ந்த விலைக்குக் கிடைத்தாலன்றி நம் கல் அவருக்குத் தேவையில்லை. நாம் கொடுத்ததோ மொத்த விலையன்று. கடை வாடகை, விளம்பரம், இலாபம், விற்பனை வரி யாவும் சேர்ந்த சில்லறை விலை. பிரிட்டன் போன்ற நாட்டில் வாங்குபவர் செலுத்தும் விலையில் 20 விழுக்காட்டு வரியும் அடங்கியுள்ளது. விற்கும்போது இவற்றுள் ஒன்றும் திரும்பி வருவதில்லை. முதியவர் கூறியதில் வஞ்சனை இல்லை. வாணிகத்தின் இயல்பே அது.

பொன்னுக்கு இந்நிலை இல்லை என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். பொன் உருகும், ஒரு கிராம் தூய பொன் மற்றொரு கிராம் தூய பொன்னுக்கு நிகர். எனவே நாள்தோறும் ஒரு விலை உண்டு. வைரமோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. எடை, நிறம், தூய்மை, பட்டை தீட்டிய செப்பம் ஆகிய நான்கையும் கொண்டே அதன் விலை அமைகிறது. ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதில் நூறில் ஒரு பங்கை நம் ஊர்க் கடைகளில் சென்ட் என்பர். எடை கூடக்கூடக் காரட் ஒன்றுக்கான விலையே உயர்கிறது. ஆகவே ஒரு காரட் கல் ஒன்றின் விலைக்கு அரைக் காரட் கற்கள் இரண்டுக்கு மேலும் வாங்கலாம். 99 சென்ட் கல்லுக்கும் 100 சென்ட் கல்லுக்கும் எடையில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. விலையில் நன்கு தெரியும்.

வைரத்தின் குற்றங்களை ஆராயும் கலை நமக்கு மிகப் பழமையானது. காகபாதம், களங்கம், விந்து, ரேகை என நான்கு குற்றங்களைச் சிலப்பதிகாரமே அறிந்திருக்கிறது. இன்று அவற்றைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் வழியே கண்டு, படிநிலை வகுத்து எழுதுகின்றனர். 1931-இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற ஜி.ஐ.ஏ. என்னும் இரத்தினவியல் கழகம், நிறமற்ற நிலையை டி என்ற எழுத்தில் தொடங்கி இசட் வரையில் செல்லும் அளவுகோலை வகுத்தது. அதுவே இன்று உலகெங்கும் வழங்குகிறது. அத்தகைய கழகத்தின் தரச்சான்று உடைய கல்லுக்கும் இல்லாத கல்லுக்கும் அயல்நாட்டுச் சந்தையில் பெருத்த வேறுபாடு உண்டு. சான்றில்லையேல், வாங்குபவர் ஒவ்வொரு தன்மையையும் ஒரு படி தாழ்த்தியே கணிப்பார். ஓரளவு பெரிய கல்லாயின், விற்குமுன் கட்டணம் செலுத்திச் சான்று பெறுவது நலம். சிறு கற்களுக்கு அச்செலவு கட்டாது.

எங்கள் ஏழுகல் தோட்டின் நிலை வேறாயிருந்தது. அக்கற்களைப் பாட்டியார் புளூ ஜாகர் என்று பெருமையுடன் கூறுவார். ஜாகர் என்னும் சொல் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டெயின் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது. 1893-இல் 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் என்னும் மாபெரும் கல் கிடைத்ததும் அங்கேதான். வெண்மையோடு நீலச்சாயல் தோன்றும் அச்சுரங்கத்துக் கற்களைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் உயர்வாகப் போற்றின. நியூயார்க் முதியவர் தோட்டைப் புற ஊதா விளக்கின் அடியில் வைத்தார். கற்கள் நீலமாய் ஒளிர்ந்தன. எங்களுக்கு மகிழ்ச்சி; அவரோ உதட்டைப் பிதுக்கினார். நிறமற்ற உயர்தரக் கல்லில் வலுவான நீல ஒளிர்வு இருப்பின் அவ்வூர்ச் சந்தையில் அது விலையைக் குறைக்கும் காரணமாகும். பாட்டியார் கண்ட சிறப்பை அவர் குறையாகக் கண்டார். ஒரு நாட்டின் மதிப்பு மற்றொரு நாட்டில் செல்லாது போவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மேலும், நம் தோடுகளின் கட்டடம் பெரும்பாலும் பின்புறம் மூடியது. மூடிய கட்டடத்தில் கல்லின் எடையையோ நிறத்தையோ உள்ளபடி அறிய இயலாது. கற்களைக் கழற்றவேண்டும், கழற்றினால் தோடு தோடாக இராது. பிறகு பதினான்கு சிறு கற்களும் சிறிதளவு பொன்னுமே எஞ்சும். சிறு கற்களை ஒவ்வொன்றாக விலை பேசுவார் இல்லை; மொத்தமாக எடை போட்டுக் கேட்பர். ஏழு கற்களையும் ஒரே நிறமாய், ஒரே அளவாய் இணை சேர்த்த பழைய ஆசாரியின் உழைப்புக்கு அங்கே விலை ஏதும் இல்லை. தோட்டின் அருமை அறிந்தவர் வாழும் ஊர் சென்னையும் மதுரையும் கோயம்புத்தூருமேயன்றி நியூயார்க் அன்று. தோட்டை மீண்டும் பெட்டியில் வைத்தோம்.

மோதிரத்தையேனும் மாற்றிக்கொள்ளலாமா என்று எண்ணி, அதை வாங்கிய கடைக்கே சென்றோம். எந்நாளும் முழு விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்று விற்ற அன்று அவர்கள் உறுதி கூறியிருந்தனர். உறுதி உண்மையே, ஆனால் நாங்கள் படிக்காத வரிகள் சில இருந்தன. பழைய கல்லின் விலையைப்போல் இரு மடங்கு விலையுள்ள புதிய கல்லை வாங்கினால் மட்டுமே முழு விலையும் வரவு வைக்கப்படும். ரொக்கமாக ஒரு டாலரும் கிடையாது. பணம் வேண்டிச் சென்ற நாங்கள், பணம் செலுத்துமாறு கேட்கப்பட்டோம். மேன்மேலும் பெரிய கல் வாங்க விரும்புவோர்க்கு மாற்று முறை பயன் தரலாம். விற்க விரும்புவோர்க்கு அது வழியன்று. நம் நாட்டிலும் மாற்றுக்கு ஒரு கணக்கும், திரும்ப வாங்குதலுக்கு வேறு கணக்கும் வைத்திருக்கும் கடைகள் உண்டு. இரண்டையும் பிரித்துக் கேட்டு, எழுத்தில் பெறுவது வாங்கும் நாளிலேயே செய்யவேண்டிய செயல்.

கடைக்காரருக்கு நேரே விற்பது தவிர வேறு வழிகளும் உள்ளன. கல்லைக் கடையில் ஒப்படைத்து, விற்ற பின் தரகு நீக்கிப் பணம் பெறலாம். தொகை கூடும், காலம் நீளும். ஏலத்தில் விடலாம்; ஆயின் ஏல நிறுவனம் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கட்டணம் பெறும்; அரிய கல்லுக்கும் பெயர் பெற்ற பழைய நகைக்குமே அது ஏற்றது. தனியார் ஒருவருக்கு நேரே விற்றால் இடையாள் இலாபம் நமக்கே மிஞ்சும். ஆனால் முன்பின் அறியாதவரை வீட்டுக்கு அழைத்தல் ஆகாது. வங்கியிலோ மதிப்பீட்டாளரின் அலுவலகத்திலோ சந்திப்பதே முறை.

மதிப்பீடு என்பதையும் சரியாகப் பொருள் கொள்ளவேண்டும். காப்பீட்டுக்காக எழுதப்படும் மதிப்பு, நகை தொலைந்தால் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்பதைக் குறிக்கும். அது விற்றால் வரும் தொகையன்று. அத்தாளைக் காட்டி அத்தொகையை எதிர்பார்த்து ஏமாந்தவர் பலர். விற்பதற்கான மதிப்பைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். மதிப்பிடுபவரே நகையை வாங்க முன்வந்தாலும், மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் கேட்டாலும், வேறொருவரிடம் செல்வதே அறிவு. கல்லைக் கொடுக்கும் முன் அதன் எடையை நம் கண்முன் நிறுக்கச் செய்து, அதிலுள்ள குறையின் இடத்தையும் அறிந்து, இரசீது பெற்ற பின்னரே விட்டுவரவேண்டும்.

இப்பொழுது மற்றொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் செயற்கை வைரம் உண்டாக்கப்பட்டது. அன்று தொழிற்சாலைக்கே பயன்பட்ட அது, இன்று நகைக்கடைகளில் பளபளக்கிறது. சேர்மத்திலும் கடினத்திலும் அது வைரமே, வெறுங்கண்ணால் வேறுபாடு காண இயலாது, கருவிகளே காட்டும். உற்பத்தி பெருகியதால் அதன் விலை அண்மை ஆண்டுகளில் மிகவும் வீழ்ந்தது. எனவே பழைய கல்லை வாங்குவோர் அது மண்ணில் விளைந்ததா, கூடத்தில் விளைந்ததா என்பதை முதலில் சோதிக்கின்றனர். பழைய இரசீது இருப்பின் அந்த ஐயம் எளிதில் நீங்கும்.

வைரம் என்றும் நிலைத்தது என்னும் பொருள்படும் விளம்பர வாசகத்தை டி பீர்ஸ் நிறுவனத்துக்காக 1947-இல் பிரான்சிஸ் கெரட்டி என்னும் பெண்மணி எழுதினார். வைரத்தை விற்க முயன்றதுண்டா என்று வினவும் தலைப்பில் எட்வர்டு ஜே எப்ஸ்டீன் 1982-இல் அட்லாண்டிக் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்னது வாங்கச் சொல்லியது. பின்னது விற்றுப் பார்த்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியது. வைரம் வாங்குவோர் இரண்டையும் அறிந்திருத்தல் நன்று.

நாங்கள் முதியவரிடமே மோதிரத்தை விற்றோம். அடையாளச் சீட்டு, வாங்கிய இரசீது, தரச்சான்று மூன்றையும் அவர் கேட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பழைய நகை வாங்குவோர் விற்பவரின் அடையாளத்தைப் பதிய வேண்டும் என்பது அங்குப் பல மாநிலங்களில் சட்டம். கோவலனிடம் இல்லாத சான்று எங்களிடம் இருந்தது. கிடைத்த தொகை பயணச் சீட்டுகளுக்குப் போதுமானதாயிற்று.

தோடு எங்களுடனேயே திரும்பியது. நாங்கள் முதன்முதலில் அயல்நாடு சென்றபோது, குடும்பத்துப் பெரியவர் ஒருவர், மதிப்பீடு செய்து சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் செய்தார். நகையை எடுத்துச் செல்பவர் பின்னர் அதையே வரியின்றித் திருப்பிக் கொணர உதவும் தாள் அது. அன்று அதற்காக விமான நிலையத்தில் காத்திருந்த நேரத்தை வீண் என்று முணுமுணுத்தோம். திரும்பி வந்த நாளில், சென்னை விமான நிலையத்தில் அதிகாரி தோட்டைக் கண்டு வினவியபோது, அந்தத் தாளை நீட்டினோம். நகையோடு ஒத்துப் பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

அயல்நாட்டில் வாழ்வோர்க்கு நாம் கூற விரும்புவது சுருக்கமானது. வைரத்தை அணிவதற்காக வாங்குங்கள். ஆபத்துக் காலத்துச் சேமிப்பாக எண்ணி வாங்காதீர்கள். சேமிப்பு வேண்டுமாயின் அதற்குப் பொன்னும் வங்கியும் உள்ளன. விற்க நேர்ந்தால் நான்கு கடை ஏறி இறங்குங்கள், அவசரத்தைக் காட்டாதீர்கள், நகையின் தாள்களை நகையினும் கருத்தாகப் போற்றுங்கள். பாட்டியார் தோடு இன்று வீட்டில் மகளின் காதில் இருக்கிறது. அதற்கு 47-ஆம் தெருவில் கிடைக்காத மதிப்பு இங்கே கிடைத்துவிட்டது.