இந்தச் சட்டையை யார் போடப் போகிறார்கள்?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் இன்று ஒரு சட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதோ, இதுதான். ஒவ்வொருவராகக் கையில் வாங்கித் தொட்டுப் பாருங்கள். மெத்தை மாதிரி இருக்கிறதா? முன்வரிசையில் ஒரு அக்கா, "இதைப் போட்டுக்கிட்டு வெயில்ல நின்னா ஆளு அவிஞ்சிடுமே" என்கிறார். உண்மைதான். ஆனாலும் இதைப் பணம் கொடுத்து வாங்கி, இதற்கு மேலே இரும்புச் சட்டையும் போட்டுக்கொண்டு, வெளிநாட்டில் மைதானத்தில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

போன வருடம் நம் தையல் குழுவுக்கு இந்தச் சட்டை ஆர்டராக வந்தது. மொத்தம் 60 சட்டை. ஆர்டர் கொண்டுவந்தவர் வெட்டிய துணியும் பஞ்சும் தருவார். நூலும் ஊசியும் நம்முடையது. சட்டைக்கு 220 ரூபாய் கூலி. "ஏதோ குளிர் நாட்டுக் கோட்டு, நேர்த்தையல்தான், சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார். 12 பேர் சேர்ந்து ஆளுக்கு 5 என்று பிரித்துக்கொண்டோம். ஜாக்கெட் தைத்து ஒரு நாளில் சம்பாதிப்பதைவிட இது மேல் என்று நாங்களும் நினைத்தோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம்.

நடந்தது என்ன? வெளியே காடாத் துணி, உள்ளே பஞ்சு, அதற்கும் உள்ளே லைனிங். கால் மெஷினில் இந்தக் கனம் ஏறவே இல்லை. ஊசி உடைந்துகொண்டே இருந்தது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு, கழுத்திலிருந்து தொடை வரை நேராக ஓட வேண்டும். முதல் சட்டைக்கு 14 மணி நேரம் ஆனது. கை பழகிய பிறகும் சராசரியாக 10 மணி நேரம். அதிலும் 6 சட்டை திரும்பி வந்தது. தோள்பட்டையில் பஞ்சு விலகிவிட்டதாம். மறுபடி பிரித்துத் தைத்தோம். சட்டைக்கு 100 ரூபாய் பிடித்தமும் செய்துவிட்டார்கள்.

அந்தக் கணக்கை இப்போது எல்லோர் முன்னாலும் படிக்கிறோம். கூலி 13,200 ரூபாய். நூல் 1,800. ஊசியும் மெஷின் ரிப்பேரும் 900. ஆட்டோ வாடகை 700. பிடித்தம் 600. மீதி 9,200. ஆளுக்கு 766 ரூபாய். உழைத்த நேரம் திரும்பத் தைத்ததோடு சேர்த்து 630 மணி. மணிக்கு 15 ரூபாய்கூட இல்லை. எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் 120 ரூபாய்கூடத் தேறவில்லை. நடவுக்குப் போயிருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். மெஷின் வாங்க உள்கடன் எடுத்திருந்த ஒரு தங்கச்சிக்கு அந்த மாதத் தவணை கட்டவே பணம் போதவில்லை.

இதில் ஆர்டர் கொண்டுவந்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு சட்டையாவது முன்கூட்டித் தைத்துப் பார்க்காமல் சரி என்றது நாம். அதற்குத் தலையாட்டியது களப்பணியாளர்களாகிய நாங்கள். படித்தவர்கள் கணக்குப் பார்த்திருப்பார்கள் என்று நீங்கள் நம்பினீர்கள். அனுபவம் உள்ளவர்கள் நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

கணக்குப் பார்த்த அன்று வயதான ஒரு உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டார். "அது சரி, இந்தச் சட்டையை யாரு போடப் போறாங்க?" எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகுதான் விசாரிக்கவும் படிக்கவும் தொடங்கினோம்.

நம் ஊரில் கூத்துக் கட்டுகிறவர்கள் கிரீடம், புஜகீர்த்தி எல்லாம் வைத்துக்கொண்டு பாரதச் சண்டையை ஆடிக் காட்டுகிறார்கள் இல்லையா? அதுபோல வெளிநாடுகளில் பழைய காலத்துப் போரைத் திரும்ப நடத்திக் காட்டும் சங்கங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1066 அக்டோபர் 14ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் என்ற போர் நடந்தது. அது நடந்த ஊரிலேயே அக்டோபர் மாதத்தில் அதை நடத்திக் காட்டுகிறார்கள். போலந்து நாட்டில் 1410ஆம் ஆண்டு நடந்த கிருன்வால்ட் போரை ஜூலை மாதத்தில் நடத்துகிறார்கள். அமெரிக்காவில் 1966ல் தொடங்கிய ஒரு சங்கத்தில் இரும்பு வாளுக்குப் பதிலாகப் பிரம்பில் செய்த வாளால் சண்டை போடுகிறார்கள். இவர்கள் எல்லாம் ஆசிரியர், நர்ஸ், டிரைவர், கம்ப்யூட்டர் வேலை என்று இருக்கிற சாதாரண மனிதர்கள். பெண்களும் கவசம் போட்டு இறங்குகிறார்கள். விடுமுறை நாளில் இது அவர்களுக்கு ஒரு ஈடுபாடு. அவர்கள் போட்டுக்கொள்ளும் சட்டைதான் நாம் தைத்தது.

அந்த வாளுக்குக் கூர் கிடையாது, முனையை மழுக்கித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் இரும்பு இரும்புதானே? வெட்டாது, அடி பலமாக விழும். அந்த அடியைத் தாங்குவது எது? இரும்புச் சட்டை என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்படி இல்லை. சின்னச் சின்ன வளையங்களைக் கோத்துச் செய்த சட்டை வாள் கிழிப்பதைத் தடுக்கும். ஆனால் அது துணி மாதிரி தொளதொளவென்று வளைவது. அடியின் வேகம் அப்படியே உடம்பில் இறங்கும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்வது அடியில் இருக்கிற பஞ்சுச் சட்டைதான். அது சரியில்லை என்றால் தோள் எலும்புக்கே ஆபத்து.

திரும்பி வந்த 6 சட்டைகளில் பஞ்சு விலகியிருந்தது எந்த இடத்தில்? தோள்பட்டையில். மேலிருந்து வருகிற அடி முதலில் விழுகிற இடம் அது. அதை நம்மிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கே இன்னொரு அடுக்கு வைத்து, கோட்டை நெருக்கிப் போட்டிருப்போம். அது தெரியாத வேலையா நமக்கு?

இந்தப் பஞ்சுச் சட்டைக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. 1181ஆம் ஆண்டு இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றி ஒரு கட்டளை போட்டார். வசதி உள்ளவர்கள் வளையச் சட்டை வைத்திருக்க வேண்டும். நகரத்தாரும் மற்றச் சாதாரணக் குடிமக்களும் பஞ்சுச் சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அதாவது இரும்பு வாங்க முடியாதவனுக்குத் துணிதான் கவசம். பிறகு 15ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் ராஜா பதினோராம் லூயியின் படைவீரர்களுக்கான சட்டை பற்றி ஒரு விதி: 25 அல்லது 30 மடிப்புத் துணி, அதன்மேல் ஒரு மான் தோல். அதிலும் எந்தத் துணி நல்லது என்றால், கட்டிப் பழகி நைந்து மெத்தென்று ஆன பழைய துணிதான் என்று எழுதியிருக்கிறார்கள். பழைய புடவையை மடித்து மடித்து, குழந்தைக்கு விரிப்புத் தைக்கிற நம் பாட்டிக்கு இதை ராஜா சொல்லித் தர வேண்டுமா? தென்னிந்தியாவிலும் 18ஆம் நூற்றாண்டில் துணியால் செய்த கவசங்கள் இருந்திருக்கின்றன.

வளையச் சட்டை செய்வதும் கைவேலைதான். கம்பியை ஒரு குச்சியில் சுருளாகச் சுற்றி, வெட்டி, வளையம் ஆக்குவார்கள். ஒரு வளையத்துக்குள் நான்கு வளையங்கள் கோத்திருக்கும். வயர் கூடை பின்னுகிற அக்காமார்களுக்கு இது ஒரு நாளில் பிடிபட்டுவிடும். ஆனால் ஒரு சட்டைக்கு 20,000 வளையத்துக்கு மேல் வேண்டும். ஒரு வளையம் கோக்க அரை நிமிடம் என்று வையுங்கள். 20,000 வளையத்துக்கு 10,000 நிமிடம். அதாவது 166 மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு 8 மணி வேலை என்றால் 20 நாளுக்கு மேல் ஓடிவிடும். நல்ல சட்டையில் ஒவ்வொரு வளையத்தின் முனையையும் தட்டி, துளை போட்டு, ஆணி அடித்து மூடுவார்கள். அதற்கு இன்னும் எத்தனை நாள்! எண்ணிப் பார்த்தால்தான் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் வாங்குகிறவர்கள் சும்மா வாங்குவதில்லை. பழைய பொருளைப் பார்த்து, அளந்து, அதேபோல இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். ஆஸ்திரியா நாட்டில் கிராஸ் என்ற ஊரில் ஒரு பழைய ஆயுதசாலை இருக்கிறது. சுமார் 32,000 பொருட்கள் அங்கே இருக்கின்றன. நம் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தஞ்சாவூர்க் கட்டாரிகள் நியூயார்க் அருங்காட்சியகம் வரை போயிருக்கின்றன. அசல் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். நகல் செய்து போட்டுக்கொள்கிறார்கள். அந்த நகல் வாள், கவசம் செய்கிற தொழில் நம் நாட்டில் உத்தராகண்ட் மாநிலத்தின் டேராடூனில் பெரிய அளவில் நடக்கிறது. கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரி கத்தி செய்ய 1943ல் அங்கே தொடங்கிய விண்ட்லாஸ் என்ற கம்பெனி, இன்று பல நாடுகளுக்கு வாளும் கவசமும் அனுப்புகிறது. வாள், கத்தி செய்வதற்கு ஆயுதச் சட்டம், அரசு விதி என்று நிறைய உண்டு. நாம் அந்தப் பக்கம் போகவில்லை. நம் கையில் இருப்பது ஊசியும் நூலும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு தையல் குழு மறுபடி உட்கார்ந்தது. இந்த முறை ஒரே ஒரு சட்டையைத் தைத்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு ஆள் நோட்டில் எழுதினார். 10 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் வைத்து 500, நூல் 30, ஊசி, மெஷின் தேய்மானம் 15, வண்டி 15, திரும்பி வந்தால் அதற்கு 20, குழு நிதிக்கு 20. ஆக 600 ரூபாய். கனத் துணிக்கு 18ஆம் நம்பர் ஊசி, தோளில் கூடுதல் அடுக்கு என்று எழுதி, மாதிரிச் சட்டையோடு அனுப்பினோம்.

"ரேட் ரொம்ப ஜாஸ்தி" என்று போய்விட்டார்கள். இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களை மறக்க முடியாது. "வந்த வேலையையும் விரட்டிட்டீங்களே" என்று எங்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். இரண்டு பேர் தையல் குழுவை விட்டும் விலகினார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. பிறகு அதே ஆள் திரும்பி வந்தார். வேறு இடத்தில் தைத்த சட்டை நிறையத் திரும்பி வந்ததாம். நூலும் அவர்களே தருவதாகச் சொல்லி, சட்டைக்கு 560 ரூபாய்க்கு முடிந்தது. ஆனால் 20 சட்டைதான். நான்கு பேருக்குத்தான் வேலை. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மற்றவர்களுக்கு இன்னும் ஆர்டர் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதை மறைத்து, எல்லாம் வெற்றி என்று உங்களிடம் சொல்ல நாங்கள் விரும்பவில்லை.

தவணை கட்ட முடியாமல் இருந்த அந்தத் தங்கச்சி, தைத்த நால்வரில் ஒருவர். நிலுவையைக் கட்டிவிட்டார்.

ஆகவே சகோதரிகளே, சட்டையாக இருந்தாலும், கூடையாக இருந்தாலும், ஊறுகாயாக இருந்தாலும், புது வேலை வந்தால் நான்கு காரியம் செய்வோம்.

1. இதை யார், எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்போம்.
2. ஒன்றே ஒன்றை முதலில் செய்து, கடிகாரம் பார்த்து நேரத்தை எழுதுவோம்.
3. நூல், கரண்டு, வண்டி, தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டிய பிறகே விலை பேசுவோம்.
4. கட்டுப்படியாகாத விலைக்குச் சரி என்று ஒருவர் மட்டும் தனியாகச் சொல்லாமல், குழுவில் வைத்து முடிவெடுப்போம்.

கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது, எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் கேட்காமல் செய்த 60 சட்டைக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு உங்கள் முன்னால் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தாங்கள் செய்யும் ஒரு பொருளை எடுத்து, அதற்கு ஆகிற நேரத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். நாம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

கை மாறிப் போன சட்டை கடைசி வரிசையில் இருக்கிறது போலிருக்கிறது. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது நம் மாதிரிச் சட்டை, அடுத்த ஆர்டருக்கு வேண்டும்.