நித்தியகல்யாணி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசு கொடுக்கும் நாளில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரே ஒரு செடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதோ, வரும்போது லயத்துக் கால்வாய் ஓரத்தில் ஒடித்து வந்த கிளை. ஐந்து இதழ், பளபளப்பான இலை, நடுவே வெள்ளை நரம்பு. என்ன பூ? "சுடுகாட்டு மல்லி" என்று பின்வரிசையில் ஒரு பாட்டி சொல்வது காதில் விழுகிறது. அதேதான். வருடம் முழுவதும் பூப்பதால் நித்தியகல்யாணி. மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். பிறந்த இடமோ ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்து மடகாஸ்கர் தீவு! இது அரளிக்கு உறவு. அதை மறந்துவிடாதீர்கள்.

இனிப்புநீருக்கு இந்தப் பூவையும் இலையையும் அவித்துக் குடிக்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். நான் தோட்டத்தில் டிரெசராக இருந்தபோது ஒரு அம்மா அப்படித்தான் குடித்து வந்தார். "இதுவே போதும் ஐயா" என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் முள் குத்தியது. புண் ஆறவே இல்லை. கடைசியில் இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உள்ளதல்ல. ஜமைக்காவிலும் இதே கஷாயம் இருந்தது. 1952இல் அங்கிருந்து 25 இலைகள் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டார்கள். எலிகள் நோய்க்கிருமி தாக்கிச் செத்தன. ஏன்? கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் குறைந்துபோயிருந்தன.

வேறொருவராக இருந்தால் செடியைத் தூக்கி எறிந்திருப்பார். இவர்களோ மாற்றி யோசித்தார்கள். வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? 1958இல் நோபிளும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை அறிவித்தார்கள். இதே செடியிலிருந்து கிடைத்த இன்னொன்று வின்கிரிஸ்டின். 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் பிழைத்தவர்கள் மிக அபூர்வம். இன்று மற்ற மருந்துகளோடு இதையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல வைத்திய வசதி உள்ள நாடுகளில், அவர்களுக்கு அதிகம் வரும் வகையில், பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

ஆனால் அளவைப் பாருங்கள். வின்கிரிஸ்டின் ஒரு வேளைக்குப் பெரியவர்களுக்கே பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. அதற்கே கைகால் மரத்துப்போகும். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்கிறார்கள். நம் சட்டியில் எவ்வளவு இறங்குகிறது என்று யாருக்குத் தெரியும்? தாய்மார்களே, அடுப்பில் வைக்காதீர்கள். கர்ப்பிணிகள் வாயில் வைக்கவே கூடாது. ஏற்கனவே குடிக்கிறவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

சரி, பிடுங்கி எறிய வேண்டுமா? வேண்டாம், வேண்டாம். தென் தமிழ்நாட்டில் இலைக்கும் வேருக்குமாகவே வயலில் பயிரிடுகிறார்கள். நம் பள்ளி வேலியோரமும் வெயில் படுகிற இடந்தானே? குச்சி போன்ற காய் இரட்டை இரட்டையாக வரும். பழுத்து வெடிப்பதற்குள் பறித்துக் காயவையுங்கள். உள்ளே கறுப்பாகச் சின்ன விதை. மேலே மெல்ல மண் மூடுங்கள், இருட்டில்தான் நன்றாக முளைக்கும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிப்போகும். மழைக்காலத்தில் பாத்தியை உயர்த்திக் கட்டுங்கள். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடர்த்தியாக வரும். கிள்ளிய கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஒரு மைலோ டின் நிறைய விதை கொண்டு வந்திருக்கிறேன். நான்காம் ஆண்டு வகுப்பாசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டிய பிள்ளைகள் திங்கட்கிழமை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.