கம்பும் பயறும் வயிறும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நாலு பேர் கூடிய இடத்தில் வாய்விட்டுப் பேசக் கூசும் பொருள். வயிற்றில் உண்டாகும் வாயுவைப் பற்றியும், அதற்கும் நாம் உண்ணும் தானியம், பயறு, காய்கறிகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். கூசும் பொருளைப் பற்றி ஓர் ஆசிரியன் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்லாமல் விட்ட ஒரு பாடம் ஒரு மாணவனைப் பட்டினி கிடக்க வைத்தது. அந்தப் பாடத்தை நிறைவு செய்யவே இன்று வந்திருக்கிறேன்.

என் ஊர்ப்பக்கம் திருச்சுழி. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் வெள்ளம் கண்ட ஆண்டுகளை விட வெறும் மணலைக் கண்ட ஆண்டுகளே மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்த கம்பும், சோளமும், குதிரைவாலியும், அவற்றோடு தட்டைப்பயறும், மொச்சையும், துவரையுமே எங்கள் முன்னோரை வளர்த்தன. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தினர் வந்த நாளுக்கும் உரியதாக இருந்தது. மற்ற நாள்களில் கம்பங்கூழும் சோளச்சோறும்தான். அவித்த பயறோ, ஒரு துண்டு வெங்காயமோதான் வெஞ்சனம்.

நான் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க ஆண்டுகள் அவை, 1980-களின் பிற்பகுதி. தை மாதத்து ஒரு முற்பகலில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் செரிமான மண்டலம். கரும்பலகையில் இரைப்பையையும் சிறுகுடலையும் வரைந்து முடித்து, பெருங்குடலை வரையும் வேளையில், முன்வரிசையில் இருந்த ஒரு பையனிடமிருந்து ஓசை எழுந்தது. அது மொச்சை காய்க்கும் காலம். வகுப்பு முழுவதும் சிரித்தது. என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதோடு நில்லாமல், “கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வா” என்றும் சொல்லிவிட்டேன். பெருங்குடலைப் பற்றி, “இங்கே நீர் உறிஞ்சப்படுகிறது, எஞ்சியது கழிவாகிறது” என்று ஒற்றை வரியில் முடித்து, மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குச் சென்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தப் பையன் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்துத் தேற்றி, ஆள் அனுப்பி அவன் தாயை வரவழைத்தோம். அந்த அம்மாள் என்னிடம் சொன்னதை அப்படியே கூறுகிறேன்: “சார், காலையில ஒண்ணுமே குடிக்க மாட்டேங்கிறான். கூழும் பயறும் தின்னா பள்ளிக்கூடத்துல சிரிக்கிறாங்களாம். எங்க வீட்டுல அதை விட்டா வேற என்ன சார் இருக்கு?” எனக்கு விடை கூற வாய் வரவில்லை.

அந்தப் பையனுக்கும் அவன் வகுப்புக்கும் நான் அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

நாம் உண்ணும் சோறு வாயில் உமிழ்நீரோடு கலந்து, இரைப்பையில் குழம்பாகி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலை அடைகிறது. மாவுப்பொருளும் புரதமும் கொழுப்பும் அங்கே பெரும்பாலும் கரைந்து இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. ஆனால் தாவர உணவில் ஒரு பகுதி மட்டும் கரைவதில்லை. தானியத்தின் மேல்தோல், கீரையின் நரம்பு, பயற்றின் தொலி ஆகியவற்றில் உள்ள அந்தப் பகுதியை நார்ப்பொருள் என்கிறோம். அதனை உடைப்பதற்கான நொதி மனித உடலில் இல்லை. பயறு வகைகளில் ராபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சிறப்பு வகைச் சர்க்கரைகளும் உள்ளன. அவற்றை உடைக்கும் நொதியும் நம் சிறுகுடலில் சுரப்பதில்லை. செல்வன் வீட்டுப் பிள்ளையாயினும் ஏழை வீட்டுப் பிள்ளையாயினும் இதில் வேறுபாடு கிடையாது.

கரையாத இப்பொருள்கள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்கு வந்து சேர்கின்றன. பெருங்குடல் வெறும் கழிவுக் கிடங்கு அன்று. நம் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என 2016-இல் கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை குடியிருப்பது இங்கேதான். நம்மால் செரிக்க இயலாத நாரும் சர்க்கரையுமே அவற்றுக்கு உணவு. அவை அவ்வுணவை நொதிக்கச் செய்கின்றன. நம் வீட்டில் அரைத்து வைத்த இட்லி மாவு இரவில் பொங்கிப் பானையின் மூடியைத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவில் நுண்ணுயிர்கள் வேலை செய்வதால் எழும் வாயுவே அதைப் பொங்கச் செய்கிறது. அதனைப் போன்றதொரு வேலையே பெருங்குடலிலும் நிகழ்கிறது. அப்போது ஹைட்ரஜனும் கரியமிலவாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. இவற்றுக்கு நாற்றம் கிடையாது. நாற்றத்துக்குக் காரணம் மிகச் சிறிதளவே தோன்றும் கந்தகச் சேர்மங்கள்.

வாயு மட்டுமா உண்டாகிறது? அதே வேலையில் பியூட்டிரிக் அமிலம் போன்ற சில அமிலங்களும் தோன்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள் அந்தப் பியூட்டிரிக் அமிலமே. ஆகவே, அடுப்பு எரிந்தால் புகை எழுவது போல, பெருங்குடல் தன் உணவைப் பெறும்போது வாயுவும் எழுகிறது. கரையாமல் எஞ்சிய நாரோ நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தை இளக்கி, மலச்சிக்கலைத் தடுக்கிறது.

இது எவ்வளவு இயல்பானது என்பதற்கு ஓர் அளவு கூறுகிறேன். நலமாக உள்ள மனிதர் ஒருவர் நாளொன்றுக்குப் 10 முதல் 20 முறை வரை வாயு பிரிப்பது இயற்கை. 1991-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஆய்வாளர்கள், நலமுள்ள பத்துப் பேருக்கு வழக்கமான உணவோடு 200 கிராம் அவரை விதையும் கொடுத்து, ஒரு நாள் முழுதும் வெளியான வாயுவை அளந்தனர். நடுத்தர அளவு 705 மில்லிலிட்டர். நார் அறவே இல்லாத உணவை உண்டபோதும் 214 மில்லிலிட்டர் இருந்தது. எனவே, வாயுவே இல்லாத மனிதர் எவரும் இலர். வகுப்பில் சிரித்தவர்களுள்ளும், சிரித்த ஆசிரியருள்ளும் அது இருந்தது. ஓசை ஒருவனிடமிருந்து எழுந்தது, அவ்வளவே.

உணவுக்கும் குடலுக்கும் உள்ள உறவை ஆராய்வதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நீலகிரியின் குன்னூரில் 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். சத்துக் குறைந்த உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் குடல் நோயுற்றதைக் கண்டு, அதனை 1921-இல் வெளிவந்த நூலில் விரிவாக எழுதினார். அவர் கண்ணோட்டம் பெரிதும் வைட்டமின்களைச் சார்ந்தது. நாரின் பயன் உலகத்தார் கவனத்தை ஈர்த்தது பின்னரே. ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் பணிபுரிந்த டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர், தம் தோழர்களுடன் 1972-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நார் மிகுந்த உணவை உண்ட ஆப்பிரிக்கக் கிராம மக்களின் குடலில் உணவு விரைவாகக் கடந்து சென்றதையும், தீட்டிய மாவை உண்ட ஆங்கிலேயரிடம் அது பலமணி நேரம் கூடுதலாகத் தங்கியதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

குன்னூரில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்றது; இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது. அந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கம்பிலும் அதே அளவு கேழ்வரகிலும் சுமார் 11 கிராம் நார் உள்ளது. சோளத்தில் சுமார் 10 கிராம். தீட்டிய பச்சரிசியிலோ 3 கிராமுக்கும் குறைவு. சிரிப்புக்கு ஆளான அந்தக் கூழின் தகுதி இது!

இனி நம் காலத்துக்கு வருவோம். எங்கள் கரிசல் காட்டிலும் இன்று மூன்று வேளையும் அரிசி வந்துவிட்டது. அதனை நான் குறை கூறேன். நியாயவிலைக் கடை அரிசியும், 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா அரிசியும் பசியைப் போக்கின. பஞ்சத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் அதனைப் பழிக்க மாட்டான். ஆயினும் கம்பும் பயறும் தட்டிலிருந்து விலகியபோது, பெருங்குடலின் உணவும் உடன் விலகிற்று. பிறகு 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஊரெங்கும் சிறுதானியப் பேச்சு எழுந்தது. நகரத்தில் பயிலும் மாணவர் சிலர் ஒரே நாளில் அரிசியைக் கைவிட்டு, மூன்று வேளையும் கம்பும் பயறும் உண்ணத் தொடங்கினர். நான்காம் நாளே வயிறு உப்பி, “இது நமக்கு ஒத்துக்கொள்ளாது” என்று விட்டுவிட்டனர். இவ்வாறு என்னிடமே பலர் கூறியிருக்கின்றனர்.

குறை கம்பில் இல்லை, அவசரத்தில் இருந்தது. நெடுநாள் நாரின்றி இருந்த குடலில், அதனை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி ஒழுங்குபடச் சில வாரங்கள் வேண்டும். 2011-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதனை விளக்குகிறது. நாள்தோறும் அரைக் கோப்பை அவரை விதை உண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் வாரத்தில் வாயு மிகுந்ததாகக் கூறினர். நம் தட்டைப்பயற்றை உண்டவர்களுள் ஐந்தில் ஒருவரே அவ்வாறு கூறினர். வாரங்கள் செல்லச் செல்ல அந்த எண்ணிக்கையும் குறைந்தது. ஒப்பீட்டுக்காகக் காரட் மட்டும் உண்டவர்களிலும் சிலர் வாயு மிகுந்ததாகச் சொன்னதுதான் வேடிக்கை!

ஆதலால் மாணவர்களே, முதலில் ஒரு வேளை மட்டும் சிறுதானியம் உண்ணுங்கள். இரண்டு வாரம் கழித்து அளவைக் கூட்டுங்கள். பயற்றை இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்றாக வேகவையுங்கள். முன்னே சொன்ன சிறப்புச் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். முளைகட்டினால் அவை மேலும் குறையும். எங்கள் தாய்மார் கம்பஞ்சோற்றை உருட்டி நீரிலிட்டு, மறுநாள் புளித்த பின் கரைத்துக் கொடுத்ததும் அறிவுடைய செயலே. வயிற்றில் நடக்க வேண்டிய வேலையில் ஒரு பங்கு பானையிலேயே நடந்துவிடுகிறது. மொச்சைக் குழம்பில் பூண்டும் பெருங்காயமும் சேர்ப்பது நம் வழக்கம். ஆனால் ஊறவைப்பதற்கு அவை ஈடாகா. மென்று தின்னுங்கள். நார் நீரைப் பிடிப்பதாதலால் தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். நீரின்றி நாரை மட்டும் மிகுத்தால் மலச்சிக்கல் வரும். கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்கும் குதிரைவாலியில் தவிடு போய்விடுவதால் நாரும் பெரிதும் போய்விடும், வாங்கும்போது கவனியுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். வாயு இயல்பு என்றேனே தவிர, வயிற்றுத் துன்பம் யாவும் இயல்பு என்று கூறவில்லை. விடாத வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், நாள்பட்ட பேதி ஆகியவை இருந்தால், உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். சிலருடைய குடல் இயல்பாகவே கூர்மையான உணர்ச்சி உடையது. அவர்களுக்குப் பயற்றின் அளவை மருத்துவரே வகுத்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பையனின் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் வகுப்பில், “அன்று நானும் சிரித்தேன், அது தவறு” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவன் மீண்டும் காலைக் கூழ் குடித்துவிட்டு வரத் தொடங்கினான். ஆனால் முன்வரிசைக்கு மட்டும் திரும்பவில்லை. பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை கடைசி வரிசையில், சன்னலோரமாகவே உட்கார்ந்திருந்தான். ஒரு நொடிச் சிரிப்பு என்ன செய்யும் என்பதை நான் அவனிடம் கற்றேன்.

உங்கள் வகுப்பிலும் ஒரு நாள் அப்படி ஓர் ஓசை எழலாம். அப்போது பக்கத்தில் இருப்பவன் காலையில் என்ன உண்டான் என்பதையும், அவன் வீட்டில் வேறு என்ன இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு பாடத்தைத் தொடருங்கள்.